குட்டி என்கிற குட்டைத் துப்பாக்கி

1

ஊரில் இருப்பவர்களிடம் இதை எப்படிச் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் பயப்படுகிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. என் உயரத்துக்கும் என் கை நீளத்துக்கும் அளவெடுத்துச் செய்தது. அதுவும் சிங்கப்பூரில்.

"சிங்கப்பூர்லயா? அங்க சூயிங்கம் வித்தாலே உள்ள தூக்கி வச்சிருவாங்களாமே!" என்றாள் துறையூரில் இருக்கும் என் அண்ணி. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் துப்பாக்கியைக்கூட இணையத்தில் வாங்கும் முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டிய ஊர் இது.

என்னுடையது காற்றுத் துப்பாக்கி. அடைத்து வைத்த காற்று, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டைத் தள்ளும். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் அட்டையில் ஒரு பொட்டுத் துளை விழும். அவ்வளவுதான் அதன் வீரம். அது என் வீட்டுக்கு வந்ததே இல்லை, வரவும் முடியாது. கிளப்பின் ஆயுத அறையில், இரட்டைப் பூட்டுக்குள், இன்னொருவர் பொறுப்பில் இருக்கிறது. சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். "அது உங்களோட ஹாஸ்டல் பிள்ளைம்மா" என்பாள் என் மகள் யாழினி.

அதன் பெயர் குட்டி. குட்டி உருவாகி இந்த மாதம் ஒரு வருஷம் முடிகிறது. உருவான இரண்டாம் மாதமே அதைக் கைவிட இருந்தேன். கைவிடாமல் போன கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் குள்ளம். பிறந்த வீட்டில் யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை, ஏனென்றால் அங்கே எல்லாரும் குள்ளம். இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ரயிலில் மேலே தொங்கும் பிடி எனக்கு எட்டாது. கம்பியைத்தான் கட்டிக்கொண்டு நிற்பேன். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டு அடுக்களையின் மேலடுக்கில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அது என் கணவர் ராஜ்ஜியம். அவரோ கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் மாதத்தில் பாதி நாள் இந்தோனேசியாவில் இருப்பார். ஆகவே மேலடுக்கு பாதி மாதம் பூட்டிக் கிடப்பதற்குச் சமம்.

எட்டாத எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று ஒரு எண்ணம் எனக்கு எப்படியோ ஊறிவிட்டிருந்தது. ஆபீஸில் நாற்காலி உயரம் என்றால் காலுக்குக் கீழே ஒரு பெட்டியைப் போட்டுக்கொள்வேன். நாற்காலியை மாற்றச் சொல்லத் தோன்றாது.

இந்த நிலையில் எங்கள் கம்பெனியின் குடும்ப தினத்துக்குத் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். ஆளுக்குப் பத்துக் குண்டு. என் முறை வந்தபோது துப்பாக்கியைத் தூக்கினேன். தூக்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதன் முனை தரையைப் பார்த்தே நின்றது. கன்னத்தை வைத்தால் கை எட்டவில்லை, கையை வைத்தால் கண் எட்டவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகச் சிரித்தார்கள். "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் மாணிக்கம் அண்ணன் பக்கத்தில் வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அறுபதை ஒட்டிய வயது, பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"ஏன்மா சாரி சொல்றீங்க? ரைஃபிள் உங்களுக்குப் பெரிசு லா. அதுதான் உங்ககிட்ட சாரி சொல்லணும்."

இவ்வளவு வருஷத்தில் இந்த ஊரில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அடுத்த வாரமே உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன்.

3

எனக்கு அளவாக ஒன்றைச் செய்துவிடலாம் என்று மாணிக்கம் அண்ணன்தான் ஆரம்பித்தார். குட்டியைச் செய்து முடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. அதில் வேலை நடந்தது கொஞ்சம், அனுமதிக்குக் காத்திருந்தது மிச்சம். ஒரு திருகாணி வாங்குவதென்றாலும் கிளப்பின் பெயரில், கிளப்பின் உரிமத்தில்தான் வாங்க வேண்டும். பாகத்தை நான் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்ட முடியாது. விளக்கம் கேட்டு வந்த ஓர் அதிகாரி ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டார், "குழல் ஏன் குட்டையாக இருக்க வேண்டும்?" நான் எழுந்து நின்று காட்டினேன். குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் சுட்டுத் தேய்ந்து ஓரமாகக் கிடந்த ஒரு சின்னத் துப்பாக்கியின் குட்டைக் குழல் எங்களுக்குக் கிடைத்தது. கனமான மரக்கட்டைக்குப் பதிலாக மெல்லிய அலுமினியச் சட்டம் வந்தது. கன்னம் பதியும் இடத்துக்கு ஒரு பசைமாவைப் பிசைந்து வைத்து, "அழுத்துங்க, அசையாதீங்க, பேசாதீங்க" என்றார் அண்ணன். பேசாமல் இருந்ததுதான் கஷ்டம். அது காய்ந்ததும் என் கன்ன எலும்பு அப்படியே அச்சாகியிருந்தது. யாழினியிடம் போட்டோ காட்டினேன். "அம்மா, யூ லுக் லைக் ஃபாசில்" என்றாள்.

எடையைக் குறைக்கிறோம் குறைக்கிறோம் என்று ஒரு கட்டத்தில் ரொம்பவே குறைத்துவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, இலேசான துப்பாக்கி நிற்காது, மூச்சுக்கெல்லாம் ஆடும். கழற்றிப் போட்ட எடையில் கொஞ்சத்தை மறுபடி இரும்புத் துண்டாக முன்பக்கம் மாட்ட வேண்டியிருந்தது. "இதுக்குத்தான் இவ்வளவு பாடா அண்ணே?" என்றேன். "சும்மா இருங்கம்மா, இப்ப வெயிட்டு சரியான எடத்துல இருக்கு" என்றார்.

முதல் நாள் அதைத் தூக்கித் தோளில் வைத்தபோது கை எட்டியது, கண் எட்டியது, கன்னம் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. பின்னால் ஒரு சின்னத் துளை, முன்னால் ஒரு வளையம், வளையத்துக்கு நடுவே தூரத்தில் கறுப்பு வட்டம். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று நின்றன. சுட மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கென்று அளவான ஒரு பொருளை இந்த ஊரில் அன்றைக்குத்தான் கையில் பிடித்தேன். அழுகை வந்தது, வியர்வை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அது நடந்து சில நாளில் ஆயுத பூஜை வந்தது. சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். தேக்கா சந்தையில் பொரி, கடலை, சந்தனம், கதம்பம் வாங்கிக்கொண்டு, பையோடு கிளப்புக்கும் போயிருந்தேன். மாணிக்கம் அண்ணனுக்குக் கொஞ்சம் பொரியும் சந்தனமும் கொடுத்துவிட்டு விளையாட்டாகச் சொன்னேன், "வீட்ல நான் சுடறப்ப போட்டுக்கிற கையுறை, கோட்டு, யாழினி லேப்டாப்பு எல்லாத்தையும் பூஜையில வச்சிடுவேன். பாவம், குட்டிக்கு யாரு பொட்டு வைப்பா?" அவரும் சிரித்தார். நான் அத்தோடு மறந்துவிட்டேன்.

4

துப்பாக்கி எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. அப்பாவிடம் ஒற்றைக் குழல் ஒன்று இருந்தது, உரிமத்தோடு. பச்சைமலை அடிவாரத்தில் கடலைக் காட்டுக்குப் பன்றி வரும். அப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார், பன்றி ஓடிவிடும். பன்றி உட்பட எதையும் அவர் சுட்டதில்லை.

தேர்தல் அறிவித்தால் எங்கள் ஊரில் முதலில் உள்ளே போவது அந்தத் துப்பாக்கிதான். உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தேர்தல் முடியும்வரை காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது சட்டம். அப்பா அதைப் பழைய வேட்டியில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். முடிவு வந்த மறுநாள் முதல் ஆளாகப் போய் வாங்கி வந்துவிடுவார். யார் ஜெயித்தார்கள் என்பதைவிட அவருக்கு அதுதான் முக்கியம்.

ஒரு தேர்தலுக்குப் பிறகு அவர் போகவில்லை. அம்மா கேட்டாள், அண்ணன் கேட்டான், நான் இங்கிருந்து போனில் கேட்டேன். "சரண்டர் பண்ணியாச்சும்மா. யாரு வருஷா வருஷம் அலையறது" என்றார். எல்லாரும் நம்பினோம். அவர் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவந்தபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது. சர்க்கரை. குழலின் முனை தெரியவில்லை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவார்கள், வேலை செய்ய விடமாட்டார்கள் என்று மறைத்திருக்கிறார். இன்றைக்கு வெளிச்சம் எது, நிழல் எது என்பதுவரைதான் அவருக்குத் தெரியும்.

எனக்கும் சர்க்கரை இருக்கிறது. அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்த வயதைத்தான் நானும் இப்போது தொட்டிருக்கிறேன்.

5

பாலிகிளினிக்கில் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணுக்குள் படம் எடுப்பார்கள். மோவாயை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு பச்சைப் புள்ளியைப் பார்க்க வேண்டும். போன வருஷம் படம் எடுத்த பெண் திரும்பவும் எடுத்தாள். பிறகு வலது கண்ணை மட்டும் இன்னொரு தடவை எடுத்தாள். "வலது கண்ணில் ஏதோ தெரிகிற மாதிரி இருக்கிறது, பெரிய கண் மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்" என்று டாக்டர் தேதி வாங்கிக் கொடுத்தார். தேதி சில வாரம் தள்ளிக் கிடைத்தது. "அவசரம் இல்லை என்பதால்தான் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆயுத பூஜை முடிந்த சனிக்கிழமை குட்டியைத் தூக்கிக் கண்ணை வைத்தேன். கறுப்பு வட்டத்தின் ஓரத்தில், கீழே இடப்பக்கம், ஒரு நிழல் இருந்தது. கடித்த பிஸ்கட்டின் விளிம்புபோல் பிசிறு பிசிறாக. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணைத் துடைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். நிழல் போகவில்லை. மொத்தக் காட்சியும் மாலை நேரம்போல மங்கி இருந்தது.

"என்னம்மா இன்னிக்கு எல்லாம் ஒரு பக்கமா போகுது?" என்றார் மாணிக்கம் அண்ணன், அட்டையைப் பார்த்து.

"சரியாத் தூங்கலண்ணே."

அடுத்த வாரமும் இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. என் வேலையே கண்ணால்தான். மின்னணுப் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். அங்கேயும் அந்த நிழல் தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. பயம் பிடித்துவிட்டால் வெள்ளைச் சுவரில்கூட எதையாவது பார்க்கலாம். எங்கள் பேட்டையைச் சுற்றும் சின்ன ரயிலில் இடது கண்ணை மூடிக்கொண்டு விளம்பரத்தில் இருக்கும் எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துப் பரிசோதித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர், நான் அவரைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். வேறு சமயமாக இருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னால் அடுத்த படகிலேயே கிளம்பி வந்துவிடுவார். ஊருக்குச் சொன்னால் அம்மா தாங்கமாட்டாள். யாழினியோ கிளமெண்டி பக்கம் கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். வீட்டில் இருக்கும்போதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு இருப்பாள். தமிழில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் ஆங்கிலத்துக்கு இறங்கிவிடுவாள். என் துப்பாக்கியைக் கேலி செய்வாளே தவிர ஒரு நாளும் கிளப்புக்கு வந்ததில்லை.

ஆகவே நானே ஒரு முடிவு எடுத்தேன். மருத்துவமனைத் தேதி வரும்வரை காத்திருந்து, அவர்கள் வாயால் கேட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக விடுவதைவிட, இதை இப்போதே விட்டுவிடலாம். மாணிக்கம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, குட்டியை ஜூனியர் பிள்ளைங்களுக்குக் குடுத்திடுங்க. எனக்குத் தோள் வலி. இனிமே முடியாது."

"என்னம்மா சொல்றீங்க? இப்பத்தானே செஞ்சோம்!"

"பரவால்லண்ணே. சும்மா கெடக்குறதுக்கு அவங்களாவது சுடட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் யாழினி நின்றுகொண்டிருந்தாள். காதில் ஒன்றும் இல்லை.

"எந்தத் தோள்?" என்றாள்.

இடது தோளைத் தொட்டுக் காட்டினேன்.

"ரைஃபிளை ரைட்லதானே வைப்பீங்க. போட்டோல பார்த்திருக்கேன்."

நான் காய் நறுக்க உட்கார்ந்தேன். அவள் கத்தியை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையில் ஊசி போடப் போகும்போது நான் அவளைப் பார்த்த மாதிரியே பார்த்தாள். சொல்லிவிட்டேன். பாலிகிளினிக், நிழல், தாத்தா, சரண்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேள்வி கேட்டாள்.

"அந்த ஷேடோ உங்க கண்ணுல இருக்கா, ரைஃபிள்ல இருக்கா?"

"கண்ணுலதான்."

"ஹவ் டு யூ நோ? வேற யாராவது பார்த்தாங்களா?"

"வேற யாரு பார்ப்பா? அது எனக்குன்னு செஞ்சது. என் கன்னத்துக்குத்தான் பொருந்தும்."

"அம்மா. ஓட்டை ஓட்டைதான் லா. யாரு வேணா பார்க்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. நான் இவ்வளவு பெரிய பயத்தைச் சொல்கிறேன், இவள் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நிற்கிற மாதிரி பேசுகிறாளே என்று. ஆனால் அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு, சனிக்கிழமை நீயே வந்து பார் என்றேன்.

6

சனிக்கிழமை அவளும் வந்தாள். வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, விருந்தாளி என்று பதிந்து, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டாள்.

"மகளைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா? அதிசயம் லா!" என்றார் மாணிக்கம் அண்ணன். என் தோளைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அங்கிள், நான் சுட வரல. அந்தப் பின்னால இருக்குற ஓட்டை வழியா பார்க்கணும். அவ்வளவுதான்."

அவர் உள்ளே போனார். குட்டியை எடுத்து வந்து, திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று எங்கள் இருவருக்கும் காட்டி, பாதுகாப்புக்காகக் குழலில் ஆரஞ்சுக் கயிற்றைக் கோத்து, தாங்கியில் வைத்தார். யாழினி என்னைவிட ஒரு தலை உயரம், அப்பா ஜாடை. என் கன்னத்து அச்சில் அவள் கன்னம் உட்காரவில்லை. முதுகை வளைத்து, கழுத்தைக் கோணி, எப்படியோ கண்ணை வைத்தாள். நான் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. அவள் "எல்லாம் கிளியரா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டால் என் கண் போனது உறுதி. நானே அவளை அதற்குக் கூட்டி வந்திருக்கிறேன்.

"அம்மா."

"என்ன?"

"கீழ, லெஃப்ட் சைட். பிரவுனா இருக்கு. கடிச்ச கறி பப் ஓரம் மாதிரி."

இடப்பக்கம் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"இன்னொரு தடவை பாரு."

மற்ற கண்ணையும் வைத்துப் பார்த்தாள். "இதுலயும் இருக்கு. எனக்கும் தெரியுதும்மா. இட்ஸ் நாட் யூ. இட்ஸ் நாட் யூ."

கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுதேன். இந்தத் தடவை வியர்வை என்று சொல்லவில்லை. யாழினி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த சீனப் பையன் காது மூடியைக் கழற்றிவிட்டு, "ஆன்ட்டி, ஓகேயா?" என்று கேட்டான். ஓகே, ஓகே என்று தலையை ஆட்டினேன்.

மாணிக்கம் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் கண்ணை வைத்துப் பார்த்தார். "அட, ஆமா!" என்றார். பின்புறத்து ரப்பர் மூடியைக் கழற்றி, சின்னத் திருப்புளியால் உள்ளே இருந்த தட்டை எடுத்து, பல்குச்சியால் மெல்லக் குத்தினார். வெள்ளை அட்டையின் மேல் ஒரு பொருக்கு விழுந்தது. காய்ந்த பழுப்பு மஞ்சள். அவர் குனிந்து பார்த்தார். விரலில் ஒற்றி முகர்ந்தார். அப்புறம் அவர் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை.

என் உள்ளங்கையில் வைத்தார். நானும் முகர்ந்தேன். சந்தனம்.

"அண்ணே?"

"அன்னிக்கு நீங்கதானேம்மா கேட்டீங்க, குட்டிக்கு யாரு பொட்டு வைப்பான்னு" என்றார், சத்தமே வராமல். "என் சாமானுக்கெல்லாம் வச்சேன். திருப்புளி, காத்தடிக்கிற பம்ப்பு, சாவிக்கொத்து எல்லாத்துக்கும். இத மட்டும் விட மனசு வரல."

"சரி, அதுக்கு எங்க வச்சீங்க?"

"நெத்தி எதுன்னு தெரியல லா. காருன்னா முன்னால வைக்கலாம். மெஷின்னா சுவிட்சுக்கு மேல வைக்கலாம். இதுல யோசிச்சுப் பார்த்தேன். இது கண்ணு, அப்ப கண்ணுக்கு மேலதானே நெத்தி? அங்க வச்சேன். அப்புறம் கிளப் ரூல்ஸ் ஞாபகம் வந்து பயந்துட்டேன். ஈரத்துணி போட்டு நல்லா அழுத்தித் தொடச்சேன்."

அந்த ஈரத்துணிதான் சந்தனத்தைக் கரைத்துத் துளைக்குள் அனுப்பியிருக்கிறது. குழைந்த சந்தனம் உள்ளே போய், நிதானமாகக் காய்ந்து, என் வலது கண்ணுக்கு நேராகக் குடியிருந்திருக்கிறது. நான் என்னென்னவோ துடைத்தேன், அந்தத் துளையை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் அளவெடுத்துச் செய்த பொருளில் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழைய வழக்கப்படி கோளாறு என்னிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"மன்னிச்சிருங்கம்மா. தோள் வலின்னு நீங்க சொன்னதும் அப்படியே நம்பிட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. யாழினியும் சேர்ந்துகொண்டாள். எங்களைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, அண்ணனும் சிரித்தார். அந்தப் பொருக்கை யாழினி என் கையிலிருந்து எடுத்து, எச்சில் தொட்டுக் கரைத்து, மிச்சத்தை என் நெற்றியில் வைத்தாள். பூஜை என்றாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற பெண் அவள்.

7

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதை. பாலிகிளினிக்கில் எடுத்த படம் பொய் இல்லையே. குட்டியின் கண் சரியாகிவிட்டது, என் கண்ணுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் தேதி வந்தபோது நான் தனியாகப் போகவில்லை.

கண்ணில் மருந்து விட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். பாவை விரிந்ததும் எல்லாமே கலங்கிவிட்டது. யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு, அறை எண் மாறுவதை எனக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் அம்மா விளக்கு அடித்து, மேலே பார், கீழே பார் என்று ரொம்ப நேரம் பார்த்தார். வலது கண்ணில் சர்க்கரையின் ஆரம்ப அடையாளம் இருக்கிறது, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார்.

"துப்பாக்கி சுடலாமா?" என்று கேட்டேன்.

டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். யாழினி அவசர அவசரமாக ஆங்கிலத்தில் விளக்கினாள். "பிளீஸ் கோ அஹெட்" என்றார் டாக்டர்.

வெளியே வந்தால் மத்தியான வெயில். கண் கூசி, கட்டடமும் பஸ்ஸும் மனிதர்களும் வெள்ளை வெள்ளையாகக் கரைந்து தெரிந்தார்கள். ஒன்றுமே ஒழுங்காகத் தெரியாத அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, யாழினியை ஊருக்குப் போன் போடச் சொன்னேன். அப்பாதான் எடுத்தார். நிழலில் ஆரம்பித்து டாக்டர்வரை எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம் என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்றியா?" என்றார்.

"நெசமாப்பா."

"நானும் இப்பிடித்தான் உங்கம்மாகிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னேன். போனைப் பாப்பாகிட்ட குடு."

யாழினி வாங்கி, ஒலிபெருக்கியில் போட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். தாத்தாவோடு அவள் பேசுவது வழக்கமாக இரண்டு வார்த்தை. நல்லா இருக்கேன் தாத்தா, சாப்பிட்டேன் தாத்தா. அதற்கு மேல் தமிழ் வராது, கூச்சம் வரும்.

"பாப்பா, அந்த ஓட்டையில நீயே கண்ணை வச்சுப் பாத்தியா?"

"பார்த்தேன் தாத்தா."

"தொடச்சதுக்கு அப்புறமும் பாத்தியா?"

"பார்த்தேன்."

"என்ன தெரிஞ்சுது? சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "முதல்ல ஒரு வளையம் தாத்தா. அதுக்கு உள்ள வெள்ளை. வெள்ளைக்கு நடுவுல கறுப்பா ஒரு வட்டம். ரொம்பத் தூரத்துல. ஆனா ஓரமெல்லாம் நல்லா ஷார்ப்பா, வெட்டி வச்ச மாதிரி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல தாத்தா."

"உங்கம்மாவும் அதையேதான் பாத்தாளா?"

"அதையேதான். அவங்க பார்த்ததும் நான் பார்த்ததும் சேம். நான் செக் பண்ணேன். டாக்டர் சொன்னதும் நான் பக்கத்துல இருந்து கேட்டேன்."

எங்கள் பஸ் வந்து, கதவைத் திறந்து, நாங்கள் ஏறவில்லை என்று தெரிந்து கிளம்பிப் போனது.

"எனக்கு அன்னிக்கு யாரையாவது கூப்பிட்டு, இதுல கொஞ்சம் பாருடான்னு சொல்லத் தோணல பாப்பா" என்றார் அப்பா. "சரி, போகுது. உங்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லு. அந்தத் துப்பாக்கிய அவ சரண்டர் பண்ணக் கூடாது."

நான் பக்கத்திலேயேதான் இருந்தேன், எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இருந்தாலும் யாழினி போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, தாத்தா சொல்றாங்க. சரண்டர் பண்ணக் கூடாதாம்."

"பண்ணலன்னு சொல்லு" என்றேன்.